வருசத்துக்கு ரெண்டு தடவை ஏணி எடுங்க

மாசி பாதி தாண்டிட்டா எங்க ஊர் வேப்ப மரமெல்லாம் இலை கொட்ட ஆரம்பிச்சிரும். காலையில வாசலைக் கூட்டினா சாயங்காலம் திரும்பவும் அதே அளவு சருகு கிடக்கும். வாசல் சருகைக் கூட்டிடுறோம். ஓட்டு மேல விழுற சருகை யார் கூட்டுறது? அதைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதுறேன். சின்ன விசயம் மாதிரி தெரியும். ஆனா இதைப் படிக்கிற உங்கள்ல பலருக்கு ஊர்ல ஒரு பூட்டின வீடு இருக்கும். அதனால கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

எங்க பக்கம் காடுன்னா நீங்க நினைக்கிற மலைக்காடு இல்லை. நாங்க வெள்ளாமை வைக்கிற மானாவாரி நிலத்தைத்தான் காடுன்னு சொல்லுவோம். இப்போ அந்தக் காட்டுல பாதி தரிசு. தரிசு பூரா சீமைக்கருவேலம். அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி போற பாதையில பஸ் ஜன்னல் வழியா பாத்தாலே தெரியும். 2017-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டப்ப ஊர் ஊரா வெட்டினாங்க. வேரோட எடுக்காத இடத்துல எல்லாம் திரும்ப வந்திருச்சு. இன்னைக்கு அது வீட்டுக் கொல்லை வரைக்கும் நிக்குது. அதோட இலை பொடிப்பொடியா இருக்கும். காஞ்சா மூக்குப்பொடி மாதிரி ஓட்டு இடுக்கு, தகர வாய்க்கால் எல்லாத்துலயும் போய் உக்காந்துக்கும். அது மேல வேப்பஞ்சருகு. அதுக்கு மேல அணில் கொண்டுவந்து வச்ச நார், பஞ்சு. அடுப்பு பத்த வைக்க இதைவிட நல்ல சரக்கு கிடையாது.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு பங்குனி மாசம். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். ஊருக்கு வெளிய ஒருத்தர் வெட்டிப் போட்ட முள்ளைக் குவிச்சுத் தீ வச்சிருந்தார். காத்து சுழட்டி அடிச்சது. பொறி பறந்து எங்க பக்கத்து வீட்டு ஓட்டு மேல விழுந்திருக்கு. அந்த வீடு பூட்டிக் கிடந்து ஆறேழு வருசம் ஆகுது. வீட்டுக்காரர் சென்னையில இருக்கார். ரெண்டு பக்கத்து ஓட்டுச் சரிவும் சேருற கூடுவாய்ல சருகு அடைஞ்சு கிடந்தது. அதுல பிடிச்ச தீ, ஓட்டுக்கு அடியில இருந்த மூங்கில் வரிச்சுக்கு இறங்கிருச்சு.

ஆடு பத்திட்டுப் போன பெரியம்மாதான் புகையைப் பாத்துட்டு சத்தம் போட்டாங்க. அந்தச் சுவருக்கு ஒட்டித்தான் என் சோளத்தட்டைப் படப்பு. அதை அடுத்து மாட்டுக் கொட்டம், ரெண்டு மாடு, ஒரு கன்னு. எங்க நல்ல நேரம், அந்நேரம் மும்முனை கரண்டு இருந்தது. மோட்டாரைப் போட்டு ஓஸை இழுத்தோம். பொம்பளைங்க குடம் குடமா எடுத்துக் குடுத்தாங்க. அரை மணி நேரத்துல அணைச்சிட்டோம். தீயணைப்பு வண்டி டவுன்ல இருந்து வந்து சேரும்போது புகைதான் மிச்சம். அவங்களைக் குறை சொல்ல முடியாது, தூரம் அப்படி. கரண்டு மட்டும் இல்லாமப் போயிருந்தா நான் இன்னைக்கு வேற கதை எழுதிட்டு இருப்பேன்.

அன்னைக்கு சாயங்காலம் எனக்கு அந்தச் சென்னைக்காரர் மேல பயங்கரக் கோவம். அதே கோவத்தோட என் வீட்டு ஓட்டு மேல ஏறிப் பாத்தேன். என் தகர வாய்க்கால்ல ஒரு சாண் உயரத்துக்கு வேப்பங்கன்னு முளைச்சு நிக்குது. சருகு மக்கி மண்ணாகி அதுல மரமே வளருது. வருசம் பூரா கூடவே குடியிருக்கிற நானே பாக்கலை. கோவத்தை யார்கிட்ட காட்டுறது?

என் சித்தி மகன் ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல இருக்கான். போன்ல இதைச் சொன்னப்ப அவன் சிரிச்சான். அங்க கோடை வர்றதுக்கு முன்னாடி, கூரை வாய்க்காலைச் சுத்தம் பண்ணுங்கன்னு தீயணைப்புத் துறையே வருசாவருசம் ஜனங்களுக்குச் சொல்லுதாம். 2009 பிப்ரவரி 7-ந் தேதி அந்த விக்டோரியா மாநிலத்துல பத்தின காட்டுத்தீயில 173 பேர் செத்துப்போனாங்க. அந்த மாதிரி தீயில வீடுகள் நேரா நெருப்புப் பட்டு எரியுறதைவிட, முன்னாடியே பறந்து வர்ற பொறியால பிடிக்கிறதுதான் அதிகம்னு சொன்னான். தீ நெருங்குதுன்னு தெரிஞ்சா, தண்ணி இறங்குற குழாயை டென்னிஸ் பந்தையோ துணியையோ வச்சு அடைச்சு, கூரை வாய்க்கால் பூராத் தண்ணி நிரப்பி வைப்பாங்களாம். அவ்வளவு பெரிய நாட்டுல, அவ்வளவு வண்டி வசதி இருக்கிற இடத்துல, வீட்டுக்காரனுக்குச் சொல்லுற முதல் வேலைகள்ல ஒண்ணு சருகை அள்ளுறது.

நம்ம ஊர்ல கூரை வாய்க்கால்னா மழை ஞாபகம் மட்டும்தான் வரும். ஐப்பசி மழைக்கு முன்னாடி, அதுவும் ஒழுகினாத்தான், மேல ஏறுவோம். ஆனா நமக்குத் தீக்காலம் மாசி, பங்குனி, சித்திரை. தேனிப் பக்கம் குரங்கணி மலையில தீப்பிடிச்சு இருபது பேருக்கு மேல உயிர் போனது 2018 மார்ச் 11, மாசிக் கடைசி. மரம் இலை கொட்டுறதும் அப்பத்தான், காட்டுல முள்ளுக்குத் தீ வைக்கிறதும் அப்பத்தான், பங்குனிப் பொங்கலுக்கு வாணவேடிக்கை விடுறதும் அப்பத்தான். எல்லாம் ஒரே நேரத்துல வருது. நாம புரட்டாசியில ஏறினா அதுக்குள்ள ஒரு தீக்காலம் தாண்டிப் போயிருது.

அதனால நான் சொல்றது இதுதான். வருசத்துக்கு ரெண்டு தடவை ஏறணும். வேம்பு கொட்டி முடிச்சதும் பங்குனியில ஒரு தடவை, அது தீக்கு. புரட்டாசியில ஒரு தடவை, அது மழைக்கு. புரட்டாசியில பண்ணுறது தீபாவளி ராக்கெட்டுக்கும் சேத்துக் காவல்.

மழைக் கணக்கையும் சொல்லிடுறேன். ஆயிரம் சதுர அடிக் கூரையில ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தா ஏறக்குறைய 900 லிட்டர் தண்ணி. 200 லிட்டர் டிரம்முல நாலரை டிரம். எங்க பக்கம் பல இடத்துல போர்த் தண்ணி உப்பு, வாயில வைக்க முடியாது. 2003-ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அரசாங்கம் சட்டம் போட்டப்ப ஊரே குழாய் மாட்டுச்சு. இன்னைக்குப் பல வீட்டுல அந்தக் குழாய்க்குள்ள அணில் குடியிருக்கு.

"தீ வைக்கிறவனைப் பிடிக்காம சருகைப் பிடிச்சுத் தொங்குறியே"ன்னு கேப்பீங்க. தீ வைக்கிறவர்கிட்டயும் சண்டை போட்டாச்சு. காத்து அடிக்கையில முள்ளைக் கொளுத்தாதீங்கன்னு ஊர்க்கூட்டத்துல பேசியாச்சு. ஆனா பொறி எங்க இருந்து வேணா வரும். கரிமூட்டத்துல இருந்து வரும், பீடியில இருந்து வரும், கரண்டுக் கம்பி உரசினாக்கூட வரும். பொறி நம்ம கையில இல்லை. அது விழுற இடத்துல சருகு கிடக்கணுமா வேண்டாமாங்கிறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. மரத்தையே வெட்டிடலாமேன்னும் சிலர் சொல்றாங்க. வேண்டாம். இந்த வெயில்ல வேப்பமரம் இல்லாம இருக்க முடியாது. ஓட்டு மேல சாஞ்ச கிளையை மட்டும் கழிச்சா போதும்.

வேலை பெரிசில்லை, அரை நாள். காலை வெயிலுக்கு முன்னாடி ஏறுங்க. ஏணியைப் பிடிச்சுக்க ஒரு ஆள் கட்டாயம் வேணும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு மேல காலை வைக்காதீங்க, உடைஞ்சு உள்ள விழுந்தவங்க உண்டு. வெறுங்கையை விட்டு அள்ளாதீங்க, தேள், பூரான் இருக்கும். சர்வீஸ் வயர் தொங்கினா லைன்மேனைக் கூப்பிடுங்க. புதுசா வாய்க்கால் மாட்டுறவங்க தகரத்துலயே மாட்டுங்க, பிளாஸ்டிக் தீயில உருகிக் கீழ கொட்டும். அள்ளின சருகைச் சாக்குல கட்டிக் குப்பைக்குழியில போடுங்க. வாசல்ல வச்சுக் கொளுத்தினா பண்ணின வேலைக்கே அர்த்தமில்லை.

இப்போ பூட்டின வீட்டுக்காரங்களுக்கு. எங்க தெருவுல பதினாலு வீடு, அதுல அஞ்சு பூட்டு. பங்குனிப் பொங்கலுக்குக் கார்ல வர்றீங்க, கோயிலுக்கு வரி குடுக்குறீங்க, செல்பி எடுத்துட்டு அன்னைக்கே திரும்பிடுறீங்க. தப்பில்லை, பொழப்பு அப்படி. ஆனா நீங்க பூட்டிட்டுப் போனது உங்க வீட்டை மட்டும்தான். அந்த வீட்டு ஓட்டுல பிடிக்கிற தீ பூட்டைப் பாத்து நிக்காது. சாவியில ஒண்ணை நம்பிக்கையான பக்கத்து வீட்டுல குடுங்க. வருசத்துக்கு ரெண்டு நாள் கூலி அனுப்புங்க. இது நீங்க ஊருக்குப் பண்ணுற உதவி இல்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தர வேண்டிய கடன்.

அந்தச் சென்னைக்காரர் நல்ல மனுசன். போன் பண்ணி விவரம் சொன்னதும் ரெண்டு நிமிசம் பேச்சே வரலை. "அண்ணே, எனக்குத் தோணவே இல்லைண்ணே"ன்னார். அடுத்த மாசம் வந்து கருகின வரிச்சை மாத்தி ஓட்டைத் திருப்பினார். இப்போ வருசத்துக்கு ரெண்டு தடவை போன்லயே கூலிப் பணம் போட்டு விடுறார். என் வீட்டுக்கு ஆள் ஏறுற அன்னைக்கே அவர் வீட்டுக்கும் ஏறிடுது.

இந்த வருசம் வேம்பு கொட்ட ஆரம்பிச்சாச்சு. மீதி நாலு வீட்டுக்காரங்களும் இதைப் படிச்சா ஒரு போன் பண்ணுங்க. ஏணி என்கிட்ட இருக்கு.