இரு படங்களும் பொருந்திய பின்பே ஊசி

பெட்-சி.டி. ஸ்கேனுக்கு வந்தோரைச் சில நாட்களில் கூடுதலாகக் காத்திருக்கச் சொல்கிறோம். இயந்திரத்தின் பழுது நீக்கப்பட்ட பின்னும் ஏன் இந்தத் தாமதம் என்று உறவினர்கள் வினவுவது நியாயமே.

பெட்-சி.டி. என்பது ஒரே உறைக்குள் அடுத்தடுத்து அமைந்த இரு கருவிகள். சி.டி. உறுப்புகளின் வடிவத்தைக் காட்டுகிறது. பெட், ஊசிவழி செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே மிகுதியாகச் சேர்ந்துள்ளது என்பதைக் காட்டுகிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தே நோயின் இடத்தைச் சொல்கிறோம். அவை பொருந்தாவிட்டால், கல்லீரலின் மேல்விளிம்பில் உள்ள கட்டி நுரையீரலில் இருப்பதுபோல் தோன்றக்கூடும். சிகிச்சையின் போக்கே மாறிவிடும்.

ஆகவே, இரு கருவிகளுக்கும் புலப்படும் சிறு கதிரியக்கப் புள்ளிகளைப் படுக்கையில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். மூன்று திசைகளிலான நகர்வு, மூன்று அச்சுகளிலான சுழற்சி என ஆறு அளவுகளைக் கணினி கண்டறிந்து படங்களைப் பொருத்துகிறது. நோயாளியின் எடையால் படுக்கை சற்றே தாழ்வதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மருந்து ஆய்வுக்கூடங்களில் சுண்டெலிகளுக்கென்றே இத்தகைய சிறிய கருவிகள் உள்ளன. சுண்டெலியின் எடை 20 முதல் 30 கிராம். அதன் கட்டி சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். அங்கே 1 மில்லிமீட்டர் விலகினாலும், மருந்து கட்டியைச் சென்றடைந்ததா, அருகிலுள்ள உறுப்பில் தங்கிவிட்டதா என்பதே குழம்பிவிடும். அந்த முடிவை நம்பித்தான் ஒரு மருந்தை மனிதரிடம் சோதிக்கலாமா என்று எண்ணுகிறார்கள். எலிக்குக் காட்டும் அந்தக் கண்டிப்பு மனிதருக்குக் குறையலாகாது.

அவசரத்திற்கும் காரணம் உண்டு. வழக்கமாகப் பயன்படும் ஃப்ளோரின்-18 மருந்தின் கதிரியக்கம் சுமார் 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். நோயாளிகளோ வெறும் வயிற்றுடன் காத்திருப்பார்கள். ஆயினும், கருவி பழுதுபார்க்கப்பட்ட நாளில் பொருத்தத்தைச் சோதித்த பின்பே ஊசி போட வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. மருந்து வீணானால் மறுநாள் வரவழைக்கலாம். தவறான படத்தை நம்பிச் செய்த அறுவை சிகிச்சையைத் திரும்பப் பெற இயலாது.

கருவியின் பொருத்தம் எங்கள் பொறுப்பு. படுக்கையில் அசையாதிருப்பதும், சொல்லியவாறு சீராக மூச்சு விடுவதும் உங்கள் கையில் உள்ளன. கையை உயர்த்தி வைக்க இயலாத வலி இருந்தால் முன்னரே தெரிவியுங்கள். நீரிழிவு உள்ளவரை அழைத்து வருவோர், தாமதம் நீளும்போது உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். பொருத்தம் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று தயங்காமல் கேளுங்கள். அதற்கு விடை அளிப்பது எங்கள் கடமை.