ஸ்கேனும் ஒரு நாள் கூலியும்

ஸ்கேன் எடுத்தால் சிசுவுக்குக் கேடு என்ற பேச்சு ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் உலவுகிறது. இது தவறு. ஸ்கேன் எக்ஸ்ரே அல்ல. காதில் விழாத ஒலி அலை.

24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது வேண்டும் என்று 2016-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கூறியது. சிசுவின் வயது, இரட்டையா, உறுப்பில் குறையா என்பது அதில் பெரும்பாலும் தெரியும். கருப்பை வாயின் நீளத்தையும் அளக்கலாம். அது 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் குறைமாதப் பிரசவ அபாயம் அதிகம். அஞ்ச வேண்டாம், மருந்துண்டு, தையலுண்டு. காலத்தில் தெரிய வேண்டும், அவ்வளவே!

2011-ம் ஆண்டுத் திட்டப்படி சர்க்கார் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்கு ஸ்கேன் இலவசம். ஆனால் போகிற நாளின் கூலி? அதைப் பிடித்துக்கொண்டால் இலவசம் எங்கே? கூலியோடு விடுப்பு கேட்பது சலுகையல்ல, உரிமை. சங்கம்தோறும் இக்கோரிக்கை முழங்கட்டும்!