ஐடி கார்டுல ஒரு பேரு, பேஸ்லிப்ல வேற பேரு: உங்க காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் இருக்கா?



பிஎஃப் பாஸ்புக் பார்க்கிறது எப்படின்னு ஒரு வீடியோ போட்டிருந்தேன்ல, அதைப் பார்த்துட்டு நம்ம கோட்டாறு தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, நான் வேலை பாக்கிற கம்பெனி பேரே பாஸ்புக்ல இல்லியே?" பேசிப் பார்த்தேன். டிப்ளமோ முடிச்சிட்டு கோட்டாறு ஸ்டேஷன்ல (போர்டுல நாகர்கோவில் ஜங்ஷன்னு இருக்கும், நமக்கு அது எப்பவும் கோட்டாறு ஸ்டேஷன்தான்) ரயிலேறி ஒரகடம் போனவர். கழுத்துல தொங்குற ஐடி கார்டுல பெரிய கம்பெனி பேரு. பேஸ்லிப்ல யாருமே கேள்விப்படாத ஒரு 'என்டர்பிரைசஸ்'. வேலைக்குச் சேரும்போது 'ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்'னு 8,000 ரூபாய் வாங்கியிருக்காங்க. பத்து மாசமா சம்பளத்துல பிஎஃப் பிடிக்கிறாங்க. பாஸ்புக்ல ஏறினது ரெண்டு மாசம் மட்டும்தான்.

கணக்குப் போடுங்க. பேசிக் சம்பளம் 15,000. அதுல 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அவர் பங்கு. அதே அளவு முதலாளி பங்கு. மாசம் 3,600. எட்டு மாசம் கட்டலைன்னா 28,800. அந்த ஃபீஸையும் சேர்த்தா 36,800 ரூபாய். எந்த மியூச்சுவல் ஃபண்ட் நல்லதுன்னு தினம் நாலு பேர் என்கிட்ட கேக்குறீங்க. உங்களை வேலைக்கு அனுப்பினவருக்கு லைசென்ஸ் இருக்கான்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. எனக்கு அது முதல் கேள்வியா இருக்கணும்னு தோணுது.

ஆள் சப்ளை பண்ற தொழிலுக்கு லைசென்ஸ் வேணும்ங்கிறது புதுசு இல்ல. 1970-ல வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துல, 20 பேர் அல்லது அதுக்கு மேல வச்சிருக்கிற காண்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்கணும்னு இருந்தது. சரி, எடுக்கலைன்னா தொழிலாளிக்கு என்ன லாபம்? ஒண்ணும் இல்ல. 1991-ல தீனாநாத் எதிர் நேஷனல் ஃபெர்டிலைசர்ஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான்: காண்ட்ராக்டர் லைசென்ஸ் இல்லாம ஆள் வச்சிருந்தா அதுக்குத் தண்டனை உண்டு, ஆனா அந்தக் காரணத்துக்காக மட்டும் அந்தத் தொழிலாளர்கள் மெயின் கம்பெனியோட ஆளா ஆகிட மாட்டாங்க. தப்புப் பண்ணினவன் அபராதம் கட்டிட்டுப் போயிடுவான், வேலை பார்த்தவன் அங்கேயே நிப்பான்.

2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துல (தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்பு, 2020) இது மாறியிருக்கு. 54-வது பிரிவைப் பாருங்க. லைசென்ஸ் எடுத்தே ஆகணும்ங்கிற காண்ட்ராக்டர் அதை எடுக்காம ஆள் அனுப்பினா, அந்த ஆட்கள் மெயின் கம்பெனியே வேலைக்கு வச்ச மாதிரிதான் கருதப்படுவாங்க. 49-வது பிரிவு, காண்ட்ராக்டர் தொழிலாளிகிட்ட நேரடியாவோ மறைமுகமாவோ ஃபீஸ், கமிஷன் எதுவும் வாங்கக் கூடாதுங்குது. அப்போ அந்த 8,000 ரூபாய்க்கு என்ன பேரு வச்சாலும் தப்பு தப்புதான். காண்ட்ராக்டர் சம்பளம் தராம விட்டா மெயின் கம்பெனி தரணும்னு 55-வது பிரிவு. கேட்டா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் தரணும்னு 56-வது பிரிவு.

நல்லா இருக்குல்ல? ஆனா ஒரு கையால குடுத்ததை இன்னொரு கையால எடுத்துக்கிட்டாங்க. 20 பேர்ங்கிற வரம்பு இப்போ 50. 49 பேரை வச்சு ஆள் சப்ளை பண்றவருக்கு லைசென்ஸே வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம்னா 54-வது பிரிவும் அவர் அனுப்பின ஆளுக்கு உதவாது. தன் பேர்ல 40 பேர், மச்சான் பேர்ல 40 பேருன்னு பிரிச்சு வச்சா யாரு கண்டுபிடிக்கப் போறா? சின்னத் தொழில் பண்றவங்களுக்குச் சுமையைக் குறைக்கத்தான் இந்த மாற்றம்னு சொல்றாங்க. எனக்கு ஒப்புதல் இல்ல. மளிகைக் கடைக்கு அந்த நியாயம் சரி. இங்க இவங்க கைமாத்துற சரக்கே மனுஷன்தான். 20-ஏ இருந்திருக்கணும். இன்னும் குறைச்சிருந்தாலும் நான் கை தட்டியிருப்பேன்.

ஐடி, பேங்க் பக்கம் 'தேர்ட் பார்ட்டி பேரோல்'ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம். காண்ட்ராக்டரோட நிரந்தர ஆளா இருந்து, வருஷா வருஷம் இன்க்ரிமென்ட், பிஎஃப் மாதிரி சலுகை எல்லாம் கிடைச்சா, நீங்க இந்தச் சட்டப்படி 'ஒப்பந்தத் தொழிலாளி' கணக்குல வர மாட்டீங்க. ஆஃபர் லெட்டர்ல இந்த வார்த்தைகளைத் தேடிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கல்ஃப் போறவங்களுக்குச் சட்டம் வேற. 1983 குடியேற்றச் சட்டப்படி ஏஜென்ட் மத்திய அரசுகிட்டப் பதிவு பண்ணியிருக்கணும், இ-மைக்ரேட் தளத்துல பேரைப் போட்டுப் பார்க்கலாம். அவங்க வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நம்ம மாவட்டத்துல லட்சக்கணக்குல குடுத்துட்டு வந்து நிக்கிறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

தம்பிகிட்ட நான் சொன்னது இதுதான். எட்டாயிரம் அனுப்பின யுபிஐ ஸ்க்ரீன்ஷாட்டையும் பத்து பேஸ்லிப்பையும் முதல்ல பத்திரப்படுத்து. மெயின் கம்பெனி எச்ஆருக்கு மெயில்ல ஒரே ஒரு கேள்வி: எங்க காண்ட்ராக்டரோட லைசென்ஸ் நம்பர் என்ன? பிஎஃப் விஷயத்துக்கு இதோட பதில் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். காண்ட்ராக்டர் கட்டலைன்னா அந்தப் பொறுப்பு மெயின் கம்பெனிக்கும் உண்டு, இபிஎஃப்ஓ குறைதீர் போர்ட்டல்ல இப்பவே புகார் போடலாம்.

"கேட்டா நாளைக்கு கேட்லயே நிறுத்திருவாங்கண்ணே"ன்னார். அந்தப் பயம் நியாயமானதுதான், இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால ஒரே ரூம்ல இருக்கிற ஆறு பேரும் சேர்ந்து ஒரே மெயிலா போடுங்கன்னேன். போர்ட்டல் புகார் போட்டாச்சு. மெயில் இன்னும் டிராஃப்ட்லதான் இருக்கு, ஆறு பேர்ல நாலு பேர் சரின்னுட்டாங்களாம்.

உங்க பாஸ்புக்ல யாரு பேரு இருக்குன்னு இன்னைக்கே பாருங்க. கமெண்ட்ல யுஏஎன் நம்பரை மட்டும் போட்டுடாதீங்க, போன தடவை மூணு பேர் போட்டிருந்தீங்க.