எல்கேஜிக்கு எதற்கு வீட்டுப்பாடம்?

பெற்றோர்களே,

ஜூன் பிறந்தால் நம் சங்கரன்கோவில் பள்ளி வாசல்களில் ஒரே முறையீடு: "எங்க பிள்ளைக்கு ஏன் மிஸ் ஹோம்வொர்க் தரல?" பிள்ளைக்கு இன்னும் பென்சில் பிடிபடவில்லை. நமக்கோ நோட்டு நிறைந்தாக வேண்டும். நாம் கேட்பதைத்தான் பள்ளிக்கூடமும் கொடுக்கும். பிறகு "பிள்ளை எழுதவே மாட்டேங்குது" என்று யாரை நோவது?

பலகையில் 'மாண்டிசோரி' என்று இருந்தால் கூடுதல் பீஸ் கட்டுகிறோம். அந்த அம்மையார் என்ன செய்தார் என்று விசாரித்தோமா? மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் முதல் வகுப்பறையைத் திறந்தார். எனவே, நம்மூர்த் தறிக்காரர் பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்படுமா என்று இழுக்காதீர்கள். 1939-இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப்போர் மூண்டு இங்கேயே தங்க நேர்ந்தபோது கொடைக்கானலிலும் பணியைத் தொடர்ந்தார்.

அவர் முறைப்படி அமைந்த வகுப்பில் அலமாரி பிள்ளையின் கைக்கு எட்டும். ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அடுத்தவன் முடிக்கும்வரை காத்திருக்கப் பிள்ளை பழகும். துளைகளில் பொருத்தும் உருளைக் கட்டைகளின் குமிழை மூன்று விரலால் பிடித்துத் தூக்க வேண்டும். நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போவதும் அதே மூன்று விரல்தான். தப்பான துளையில் போட்டால் கடைசியில் ஒரு கட்டை இடம் கிடைக்காமல் நிற்கும்; டீச்சர் அதட்டாமலே பிள்ளை தன் தவறைக் கண்டுகொள்ளும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவி அறிந்த பிறகே எழுத்து வரும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, "சும்மா விளையாட விடுறாங்க" என்கிறோம்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலிலும் மாண்டிசோரி முறையின் சாயல் இருந்தது. அரசுப் பள்ளி என்பதால் நம்மில் பலர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? பிள்ளை சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றப் போனால், "சிந்திருவ, குடு இங்க" என்று பிடுங்குகிறோம். துண்டை மடித்தால் சரியில்லை என்று பிரித்து மடிக்கிறோம். ஒரு வேலையும் செய்ய விடாத அந்தக் கையில், பொழுது சாய்ந்ததும் பென்சிலைத் திணித்து நாலு பக்கம் எழுது என்கிறோம்.

அடுத்த முறை அட்மிஷனுக்குப் போகும்போது கட்டடத்தையும் வேனையும் பார்த்து மயங்காதீர்கள். வகுப்பு நடக்கையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பொருள்களைப் பிள்ளைகளே எடுத்து, திரும்ப வைக்கிறார்களா? அல்லது கண்ணாடி அலமாரியில் நம் கண்ணுக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்களா? பாருங்கள். நல்ல டீச்சர் அமைந்துவிட்டால், வீட்டுப்பாடம் கேட்டு அவரிடம் சண்டைக்குப் போகாமல் இருங்கள். அந்த உதவி போதும்.