சூப்பர்வைசரின் கண்ணும் தொழிலாளியின் கையும்

சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகும் வாலிபர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் சொன்னார்: “அண்ணாச்சி, சூப்பர்வைசர் நிக்கிற வரைக்கும் கை ஓடும். அவர் தலை மறைஞ்சா கையும் நின்னுரும்.”

அவரைச் சோம்பேறி என்பீர்களா? முதலாளிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்று இளைஞர்களுக்கு 2023-ல் உபதேசித்தார் இன்போசிஸ் நாராயணமூர்த்தி. மணியைக் கூட்டினால் உற்பத்தி கூடிவிடுமா? ஜெர்மனியில் யேனா நகரத்து ஜைஸ் தொழிற்சாலையில் 1900-ல் எர்ன்ஸ்ட் அப்பே 9 மணி வேலையை 8 மணியாகக் குறைத்தார். உற்பத்தி குறையவில்லை, கூடியது!

ஆனால், அப்பேயைப் போன்ற நிர்வாகிகள் அபூர்வம். மற்றவர்களுக்கு நல்ல புத்தி தானாக வருவதில்லை. தொழிலாளிதான் வரவழைக்க வேண்டும். இதற்குச் சாட்சி நம் தூத்துக்குடியே. ஹார்வி கம்பெனியின் கோரல் மில்லில் அற்பக் கூலி. வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தலைமை தாங்கினர். ஊராரிடம் நிதி திரட்டி, பட்டினி கிடந்தவர்களுக்குச் சோறு போட்டார் சிதம்பரம் பிள்ளை. மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது; ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

மார்ச் 12-ல் அவ்விருவரும் கைதானார்கள். அதே தொழிலாளர்கள் கூலியை இழந்து மீண்டும் வேலையை நிறுத்தினர். யாரும் அவர்களை மிரட்டவில்லை. தங்கள் பசியைத் தன் பசியாகக் கருதிய தலைவனுக்காகச் செய்தார்கள். தலைமை என்பது இதுதான்!

“கண்டிப்பு இல்லாமல் ஆலை ஓடுமா?” என்று சிலர் கேட்கலாம். ஓடாது. ஆனால், இயந்திரத்தின் எந்தப் பாகம் எப்போது தேயும் என்பது அதன் முன் நிற்பவனுக்குத் தெரியும். அவனைக் கேட்காமல் போடும் விதி, சூப்பர்வைசர் நிற்கும்வரைதான் நிற்கும்.

100 தொழிலாளர்கள் உள்ள இடத்தில் இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து பேசக் கமிட்டி அமைக்க 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமே வழி செய்தது. அந்தக் கமிட்டி எத்தனை ஆலைகளில் உயிரோடு இருக்கிறது?

தம்பி, கையை நிறுத்துவதால் உன் குறை தீராது. வாயைத் திற, தனியாக அல்ல, சங்கமாகத் திற!