பாக்குவெட்டியின் வெள்ளை நிழல்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், கல்முனைக்குடியில் எங்கள் தெருவிலேயே வசிக்கும் பள்ளி மாணவி ஒருத்தி, தடித்த வரைதாள்கள் கொண்ட புதிய ஏடு ஒன்றைக் கையில் ஏந்தியவளாய் என்னிடம் வந்தாள். குடும்பத்தாரின் படங்களையும் நினைவுகளையும் ஒட்டி அலங்கரித்து வருமாறு வகுப்பில் பணித்திருந்தார்களாம். வாப்பாவின் பக்கம் நிறைந்துவிட்டது; உம்மாவின் பக்கமும் நிறைந்துவிட்டது. உம்மம்மாவுக்கென ஒதுக்கிய பக்கம் மாத்திரம் வெறுமையாய்க் கிடந்தது. "ஒட்டுறதுக்கு ஒரு படமாவது இல்லையே, மாமி" என்றாள்.

இக்குறை அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நம் கரையில் ஏறிய ஆழிப்பேரலை, அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் அத்துணை உயிரிழப்பு நேரவில்லை. மனிதரோடு வீடுகளும், வீடுகளோடு அலுமாரிகளும், அலுமாரிகளுக்குள் துணியில் சுற்றி வைத்த படங்களும் போயின. அதற்கு முன்னரும், படம் பிடித்துக்கொள்ள இசையாத மூதாட்டியர் நம் ஊர்களில் இருந்தனர். அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படத்தைத் தவிர வேறொன்றும் அவர்களுக்கு இருந்ததில்லை.

இம்மாணவியின் உம்மம்மா விட்டுச் சென்ற பொருள்களுள் எஞ்சியது இரும்புப் பாக்குவெட்டி ஒன்றே. நீர் வடிந்த பின்னர் மணலுக்குள்ளிருந்து கிடைத்ததாம். "அதையே ஏட்டில் வைப்போம்" என்றேன். பிள்ளை சிரித்தாள். பாக்குவெட்டியை ஒட்ட இயலாதுதான். ஆனால் அதன் நிழலைத் தாளில் தங்க வைக்கலாம் அல்லவா?

அதற்கான முறை மிக எளியது. பொருளைத் தாளின்மேல் வைத்து, சுற்றிலும் மையைத் துளித்துளியாய்த் தெறித்து, உலர்ந்தபின் பொருளை எடுத்துவிட்டால், அது மறைத்திருந்த இடம் வெள்ளையாய் நிற்கும். இதைப் புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள குகைகளில், கையைப் பாறைமேல் பதித்துச் சுற்றிலும் செங்காவி தெறித்த உருவங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் வயது 39,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என 2014ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அக்கைக்குரியவர் யாவரென்று கூறுவாரில்லை. விரல்களின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்னும் மாது, 1843ஆம் ஆண்டில், கடற்பாசிகளை மருந்திட்ட தாள்மேல் பரப்பி வெயிலில் வைத்து, நீலத்தாளில் வெள்ளை உருவங்களாய்ப் பதித்து நூலாக்கினார். அங்கே மைக்குப் பதிலாக வெயில் வேலை செய்தது, வேறுபாடு அவ்வளவே.

நிற்க, செய்முறைக்கு வருவோம். பழைய பல் தூரிகை ஒன்றும், சீப்பு ஒன்றும், கறுப்பு வரைமையும் போதும். கறுப்பு வரைமை கரியால் ஆனதாகையால் எளிதில் வெளிறாது. பேனாவுக்கு ஊற்றும் நீல மை வெளிறும்; மஞ்சள் நீரோ வெயில் பட்ட சில நாள்களிலேயே ஓடிவிடும். தூரிகையை மையில் தோய்த்து, நன்றாக உதறிவிட்டு, தாளுக்கு அரை அடி உயரத்தில் பிடியுங்கள். சீப்பின் விளிம்பால் தும்புகளை உங்கள் பக்கமாக இழுத்தால், துளிகள் எதிர்ப்பக்கம் பறக்கும். மறுபுறமாய் இழுத்த நான், என் வெள்ளைச் சேலை ஒன்றை அன்றே அடுப்படித் துணியாக்க நேர்ந்தது! அவசரப்பட்டு ஒரே தடவையில் கறுப்பாக்க முயலாதீர்கள். மை மிகுந்தால் பொருளின் அடியில் ஊர்ந்து உருவத்தைக் கெடுத்துவிடும். மெல்லிய பூச்சுகளாய் மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் உலர்ந்த பின்னரே அடுத்தது. முடிவில் பொருளை இழுக்காது நேரே மேலே தூக்க வேண்டும்.

எப்பொருளைத் தெரிவு செய்வது என்பதே இக்கலையின் உயிர். இம்முறை காட்டுவன விளிம்பும் துளையுமே, வேறொன்றும் இல்லை. கரண்டியும் அகப்பையும் தாளில் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். அழகிய பன்பாய் கூட, நெருக்கமாய்ப் பின்னியதாகையால், வெறும் வெள்ளைக் கட்டமாகி நம்மை ஏமாற்றும். இடியப்பத் தட்டை வைத்துப் பாருங்கள்: துளைகள் யாவும் கறுத்து, நட்சத்திரக் கூட்டம் போல் விரியும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிழிந்த வலைத்துண்டும் வலை பொத்தும் ஊசியும் உண்டு. மருதமுனைத் தறிக்காரர் வீட்டு நாடா, தாளில் சிறு தோணியாகவே தெரியும். மூக்குக்கண்ணாடியின் சட்டம் மட்டுமே பதியும் என நான் எண்ணியிருந்தேன். ஆனால் கண்ணாடியும் மையைத் தடுப்பதால் இரண்டு வெள்ளை நிலாக்கள் தோன்றின. வயதான வாப்பா ஒருவரின் முகம் அவ்விரு நிலாக்களிலேயே எனக்குப் புலப்பட்டது.

பாக்குவெட்டிக்கு வருகிறேன். அதைக் கொண்டுவரச் சென்ற மாணவி வெறுங்கையோடு திரும்பினாள். பின்னாலேயே அவளுடைய உம்மாவும் வந்தார். "எங்கட உம்மாட கை பட்ட சாமான் இது. மை பூசத் தர மாட்டன்" என்றார். அவர் சொன்னதில் தவறேதும் காணேன். ஏட்டின் அழகுக்காக எஞ்சியிருக்கும் ஒரே பொருளைப் பாழாக்குவது எவ்வகையிலும் தகாது. அட்டையில் அதன் வடிவத்தை வரைந்து வெட்டி வைக்கலாம் என்றேன். அது போலிதானே என்று மகள் முகஞ்சுளித்தாள். கடைசியில் தேயிலைச் சாயம் நினைவுக்கு வந்தது. பாதியாய் வற்றக் காய்ச்சிய கடுஞ்சாயம் துடைத்தால் போய்விடும். உம்மா இணங்கினார். ஆனால் பாக்குவெட்டியைத் தாமே திறந்து, தாமே தாளின்மேல் வைத்தார். அது அசையாதிருக்கத் தம் விரலையும் பிடிமேல் ஊன்றியிருந்தார்.

சாயம் மிக வெளிறியதாகையால் பத்துத் தடவைக்கு மேல் தெறிக்க வேண்டியிருந்தது. எடுத்துப் பார்த்தபோது, நான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்திருந்தது. பழுப்பு நிறத்தின் நடுவே வெள்ளைப் பாக்குவெட்டி. அலகின் ஓரமெங்கும் மெல்லிய கருங்கோடு. இரும்பின் துருவும் தேயிலையின் துவர்ப்பும் கூடினால் கருமை பிறக்கும். முற்காலத்தில் எழுதுமை செய்தோர் கையாண்ட இரகசியமும் இதுவே. பிடியின் பக்கத்தில், உம்மாவின் விரல்நுனியும் ஒரு சிறு வெள்ளைப் பிறையாய்ப் பதிந்திருந்தது. அதை அழித்துத் திருத்தலாமா என்று மாணவி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

படத்தின் கீழே என்ன எழுதுவதென்று தாயும் மகளும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். பிறந்த ஊர், பெயர், பாக்கைச் சீவி வட்டாவில் குவித்து வைத்துக்கொண்டு அயல்வீட்டாருக்காகக் காத்திருக்கும் பழக்கம், இடது கையாலேயே வெட்டுவார் என்பது. இவையெல்லாம் மகள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டவை. அவள் எழுதிக்கொண்டிருக்க, உம்மா பாக்குவெட்டியை ஈரத்துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.