மேதைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாமாம்!

அண்மையில் ஜார்ஜ் டவுனில் நடந்த பரிசளிப்புக் கூட்டம் ஒன்றில் ஒரு பிரமுகர் திருவாய் மலர்ந்தருளினார்: "பிறவி மேதை சேற்றிலும் முளைப்பான். கணித மேதை இராமானுஜன் வெறும் கிராணிதானே! தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது இல்லை, இது இல்லை என்று ஏன் புலம்ப வேண்டும்?" கைதட்டல் எழுந்தது. நாம் தட்டவில்லை.

இராமானுஜன் கிராணிதான். 1912-இல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளம். அதற்கு முந்திய கதையைப் பிரமுகர் ஏன் விழுங்கினார்? கும்பகோணத்தில் மற்றப் பாடங்களில் தவறியதால் கல்லூரி உதவித்தொகை பறிபோயிற்று. சென்னையில் மீண்டும் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தவர் அவர். சேற்றில் அவர் முளைக்கவில்லை, ஐயா, சேற்றில் அழுந்திக்கொண்டிருந்தார்!

தூக்கிவிட்டது யார்? அதே அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர். அவருக்குக் கணக்குத் தெரியும். ஆகவே பக்கத்தில் இருப்பவன் யார் என்பதும் தெரிந்தது. 1913 ஜனவரியில் இராமானுஜன் எழுதிய கடிதத்தைக் கேம்பிரிட்ஜில் ஹார்டி குப்பையில் போடாமல் படித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. 1914-இல் கப்பலேறியவர் 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920-இல் 32 வயதில் மறைந்தார். அந்த அகால மரணத்தைவிட, இளமையில் ஐந்தாண்டுகள் வழிகாட்டுவாரின்றித் திசைமாறிப் போனதே பெரிய சோகம் என்று ஹார்டியே பின்னாளில் எழுதினார்.

பினாங்குத் துறைமுகத்திலும் கணக்குப் பிரிவு உண்டு, கிராணிகள் உண்டு. அங்கே எவன் சிலேட்டை எந்த நாராயண ஐயர் எட்டிப் பார்த்தார்?

தோட்டப்புறக் கதை நமக்குத் தெரியாததா? ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே சொல்லிற்று. வைத்தார்கள்! கொட்டகை ஒன்று, கிராணியோ கங்காணியோ ஒழிந்த நேரத்தில் வாத்தியார். விடியுமுன் தாயோடு வெட்டுக்காட்டுக்குப் போய் மங்கு துடைத்துவிட்டு வந்த பிள்ளை, அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து தூங்கி விழுந்தது. அதற்கு ‘மக்கு’ என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் மேதைகள் என்று நாம் சொல்லப் போவதில்லை; எண்ணிப் பார்க்க யாரும் இருக்கவில்லை என்றுதான் சொல்கிறோம்.

பிரமுகருக்கு இராமானுஜனே பதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தபோது, 1919 ஜனவரியில் அவர் எழுதியனுப்பினார்: இது என் தேவைக்கு மிக அதிகம், பெற்றோருக்கு 50 பவுன் கொடுங்கள், என் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அனாதைகளின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடுங்கள் என்று.